குளிசை ஒருவருக்கு மட்டும் போதாது

சீனி வருத்தம், பிரஷர் என்றால் எங்கட சனம் கோயில் வாசலிலும் நின்று கதைக்கும். பாலியல் நோய் என்றால் மட்டும் வாய் திறக்காது. அந்த மௌனத்தால் தவறான மருந்தோடு மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்களுக்காகவே ட்ரைகோமோனியாசிஸ் பற்றி இங்கே எழுதுகிறேன்.

இது உடலுறவு மூலம் தொற்றும் ஓர் ஒட்டுண்ணி நோய். 2020இல் மட்டும் உலகில் சுமார் 15 கோடி 60 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெண்களுக்கு நாற்றத்துடன் வெள்ளைபடுதல், அரிப்பு, சலம் கழிக்கும்போது எரிவு வரலாம். பலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, எந்த அறிகுறியும் இருக்காது.

அரிப்பு என்றதும் இங்கே பிரித்தானியாவில் பலர் மருந்துக்கடையில் பூஞ்சைத் தொற்றுக்கான கிறீமை வாங்கிப் பூசுகிறார்கள். பூஞ்சை வேறு, ஒட்டுண்ணி வேறு. இதற்கு வாயால் எடுக்கும் மருந்துதான் வேண்டும். மெட்ரோனிடசோல் என்ற மருந்தே ஜெல்லாகவும் கிடைக்கிறது. ஆனால் அந்த ஜெல்லும் இந்த நோய்க்குச் சரிவராது.

அடுத்தது அளவு. ஒரே தடவையில் 2 கிராம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது சுகம்தான். ஆனால் அமெரிக்காவில் 600க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. நான்கு வாரம் கழித்துப் பரிசோதித்தபோது, ஒரே தடவை எடுத்தவர்களில் 19 வீதமானோருக்கு இன்னும் தொற்று இருந்தது. 7 நாள் எடுத்தவர்களில் அது 11 வீதம். அதன்பிறகு, 2021இல் வந்த அமெரிக்க வழிகாட்டல் பெண்களுக்கு 500 மில்லிகிராம் தினம் இரு வேளை, 7 நாள் என்று மாறியது. ஆண்களுக்கு 2 கிராம் ஒரே தடவை என்றே வைத்தது. இங்கே வழமையாக 5 முதல் 7 நாள் கொடுப்பார்கள். இதைப் பார்த்து, ஊரிலிருந்து வந்த மிச்சக் குளிசையை நீங்களே எடுக்காதேங்கோ. முதலில் பரிசோதனை, பிறகு வைத்தியர் சொல்லும் மருந்து. கர்ப்பிணி என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கோ.

எல்லாவற்றையும் விட முக்கியம், கணவன் மனைவி இருவருமே மருந்து எடுக்க வேண்டும். மனைவி ஒழுங்காக 7 நாளும் குடித்து, கணவன் "எனக்கு ஒண்டுமில்லையே" என்று சும்மா இருந்தால் தொற்று திரும்பி வரும். இருவரும் முடித்து ஒரு வாரம் வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

"யார் கொண்டுவந்தது?" என்ற கேள்வியில்தான் பல வீடுகளில் வைத்தியம் நின்றுபோகிறது. இந்தத் தொற்று அறிகுறியே காட்டாமல் மாதங்கள், சில வேளை வருடங்கள்கூட உடலில் இருக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதைப் பரிசோதனை சொல்லாது. மனைவியின் முடிவைப் பார்த்து அவள்மீதே பழி போடுவது அநியாயம்.

பிரித்தானியாவின் பாலியல் சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் அனுமதி இல்லாமல் குடும்ப வைத்தியருக்குத் தெரிவிக்கமாட்டார்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. முடிந்தால் இருவருமாகப் போங்கோ.