இடிப்பதில் மட்டும் என்ன அவசரம்?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக் கால்கரி நகரத்தில், எல்போ நதிக்கு அருகே, 1983ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் ஹாக்கி ஆட்டங்களுக்கு இருப்பிடமாக விளங்கிவரும் சாடில்டோம் அரங்கத்தை, அதன் பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருக்கும் புதிய அரங்கம் 2027இல் திறக்கப்பட்டதும் இடித்துத் தரைமட்டமாக்குவது என்று செய்த முடிவிலிருந்து நகர மன்றத்தார் இம்மியும் அசைவதாகத் தெரியவில்லை. புதிய அரங்கத்தை எங்கே கட்டுவது, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, யார் எவ்வளவு கொடுப்பது என்பன பற்றியெல்லாம் வருஷக்கணக்காக ஓயாமல் வாக்குவாதம் நடத்தியவர்கள், எல்லாவற்றுக்கும் முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, அதாவது இருக்கிற அரங்கத்தையே ஜீர்ணோத்தாரணம் செய்து வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வியை, பொதுமக்கள் முன்னிலையில் அதற்குரிய மரியாதையுடன் எடுத்து வைக்கவே இல்லை என்பது நம்முடைய ஆட்சேபம்.

அரங்கம் பழசாகிவிட்டது என்கிறார்கள். நாற்பது வயதைச் சற்றே கடந்த ஒரு கட்டிடத்துக்கு அந்திம காலம் வந்துவிட்டதென்றால், 1911இல் திறக்கப்பட்ட மணற்கல் மாளிகையாகிய தங்கள் பழைய நகர மண்டபத்துக்கு, வருஷக்கணக்கில் சாரம் கட்டி, சிதைந்த கற்களை ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு, 2020இல் புதுப் பொலிவுடன் அதை மீட்டுக்கொண்டது எந்த நியாயத்தில்? தங்கள் மாளிகைக்கு ஒரு சாஸ்திரம், ஜனங்கள் கூடிக் களிக்கும் ஸ்தலத்துக்கு வேறொரு சாஸ்திரமா?

இடிபடப் போவது சாமானியமான கட்டிடமாக இருந்தால் நமக்கு இவ்வளவு வருத்தம் இராது. கிரஹாம் மெக்கோர்ட் கட்டிடக்கலை நிலையத்தார் வரைந்து, யான் பொப்ரோவ்ஸ்கி என்ற பொறியியல் நிபுணர் கணக்கிட்டு அமைத்த அதன் கூரை, இரு பக்கம் உயர்ந்து இரு பக்கம் தாழ்ந்து, குதிரைச் சேணத்தின் வடிவில், நடுவே ஒரு தூணும் இல்லாமல், எஃகுக் கயிறுகளின் வலைமீது கான்கிரீட் பலகைகளைப் பரப்பி உருவாக்கப்பட்டது. அவ்வகைக் கான்கிரீட் கூரைகளில் உலகிலேயே மிக நீண்ட விரிவுடையது என்று பெயர் பெற்றது. கண்ணுக்கு ரம்மியமாக இருக்கட்டும் என்பதற்காக மட்டும் அதை அப்படி வளைக்கவில்லை. கூரை நடுவில் தாழ்வதால் உள்ளே அடைபடும் காற்றின் அளவு குறைகிறது. ஆல்பர்ட்டாவின் கடுங்குளிரில் அந்தக் காற்றைச் சூடேற்றும் செலவும் குறைகிறது. 19,000க்கு மேற்பட்ட ரசிகர்களில் ஒருவர் கண்ணையும் தூண் மறைப்பதில்லை. 1988ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில் சோவியத் ஹாக்கி அணி தங்கம் வென்றதும், பிரையன் பாய்டானோவும் பிரையன் ஆர்சரும் பனித்தரையில் போட்டியிட்டதும், காத்தரீனா விட் மகுடம் சூடியதும் அந்தக் கூரையின் கீழேதான்.

கூரை கனத்த பாரத்தைத் தாங்காது என்பதும், அதனால் ராட்சத விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் தொங்கவிட வேண்டிய பெரிய கச்சேரிக் கோஷ்டிகள் கால்கரியை ஒதுக்கிவிட்டு எட்மன்டனுக்குப் போகின்றன என்பதும், இடைவேளையில் நடைகூடங்களில் தோளோடு தோள் இடிபடுகிறது என்பதும் உண்மையே. ஆனால் குறைகள் உள்ளன என்பதிலிருந்து இடிக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஒரே தாவலாகத் தாவுவது தர்க்கமாகாது. 2013 ஜூன் மாதத்து வெள்ளத்தில் ஆட்டத் தளம் முழுவதும் மூழ்கி, கீழ்த்தட்டு இருக்கைகளில் பல வரிசைகள் வரை தண்ணீர் ஏறி நின்றபோது, இயந்திரங்களும் மின் இணைப்புகளும் நாசமான அதே அரங்கத்தை, அந்த ஆண்டின் ஹாக்கிப் பருவத்துக்குள் செப்பனிட்டுத் திறந்தார்கள். மனம் வைத்தால் முடிகிறது. சியாட்டில் நகரத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1962ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகப் பால் தீரி என்ற கட்டிடக் கலைஞர் படைத்த கூரையை, 4 கோடியே 40 லட்சம் பவுண்டு எடையுள்ள அந்தப் பழைய கூரையை, தற்காலிகத் தாங்கிகளின்மீது அப்படியே நிறுத்திவைத்து, அதன் அடியில் நிலத்தைத் தோண்டி, முற்றிலும் புதிய ஹாக்கி அரங்கம் ஒன்றை உள்ளே இறக்கி, 2021 அக்டோபரில் திறந்துவைத்தார்கள். செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது. குறைந்த செலவு என்று நாம் வாதாட வரவில்லை. அந்தப் பணத்தை லாபம் பெறப்போகிற தனியார் போட்டார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

கால்கரியில் போட்டது யார்? நம் மனத்தைக் குடையும் விஷயம் இதுதான். இதற்குச் சற்று அதிக இடம் கொடுப்பதற்காக வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். 2023 ஏப்ரல் மாதம், மாகாணத் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்த தறுவாயில், மூடிய கதவுகளுக்குள் விவாதித்து, வெளியே வந்து ஏகமனதாகக் கை தூக்கி நிறைவேற்றிய ஏற்பாட்டின்படி, மொத்தச் செலவு 122 கோடி டாலர் என்றும், அதில் நகரத்தின் பங்கு 53 கோடியே 73 லட்சம் என்றும், மாகாணத்தின் பங்கு 33 கோடி வரை என்றும், சாடில்டோமில் ஆடும் ஃபிளேம்ஸ் ஹாக்கி அணியின் உரிமையாளர்களுடைய பங்கு 35 கோடியே 60 லட்சம் என்றும் அறிவித்தார்கள். மூவரும் சேர்ந்து தேர் இழுப்பதுபோன்ற தோற்றம். கூர்ந்து பார்த்தால்தான் அந்த மூன்றாவது பங்கின் அந்தரங்கம் விளங்குகிறது. உரிமையாளர்கள் முன்பணமாக எடுத்து வைப்பது 4 கோடி டாலர். மற்றதெல்லாம் அரங்கத்தில் குடியிருந்துகொண்டு 35 ஆண்டுகளுக்கு வருஷந்தோறும் செலுத்தப்போகும் தொகை, முதல் ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சம், பிறகு ஆண்டுக்கு 1 சதவீதம் ஏற்றம். வீட்டுக்குக் குடிவரப்போகிறவர் கொடுக்கும் வாடகையை, வீடு கட்டிய செலவில் அவர் போட்ட பங்கு என்று எழுதிக்கொள்ளும் சொந்தக்காரரை நம் தெருவில் பார்த்தால் அவருடைய புத்தி ஸ்வாதீனத்தைச் சந்தேகிப்போம். நகர மன்றம் அதையே செய்தால் கூட்டாண்மை என்று பெயர்.

அந்த 1 சதவீத ஏற்றத்தையும் சற்று யோசிக்க வேண்டும். கனடாவின் மத்திய வங்கி விலைவாசி உயர்வுக்கு வைத்திருக்கும் இலக்கே ஆண்டுக்கு 2 சதவீதம். விலைவாசி அந்த இலக்கைத் தாண்டாமல் சாதுவாக நடந்துகொண்டாலும், 35ஆம் ஆண்டில் உரிமையாளர்கள் செலுத்தும் தொகை முதல் ஆண்டுத் தொகையின் மதிப்பில் முக்கால் பங்குகூடத் தேறாது. ஹாக்கி நுழைவுச் சீட்டின் விலையும், உள்ளே விற்கும் ஒரு குவளை பீரின் விலையும் ஆண்டுக்கு 1 சதவீதம்தான் ஏறும் என்று அவர்கள் உறுதி கூறியதாக நாம் கேள்விப்படவில்லை. முன்பணத்தையும் எல்லாத் தவணைகளையும் கூட்டி 74 கோடியே 80 லட்சம் டாலர் என்று பிரம்மாண்டமான ஓர் எண்ணைக் காட்டுகிறவர்களும் உண்டு. 2060ஆம் ஆண்டையொட்டி வரப்போகும் டாலரை இன்றைய டாலரோடு சேர்த்துக் கூட்டுவது எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவர்களைக் கேட்டால் தேவலை. நகரத்தின் 53 கோடியே 73 லட்சமோ 35 ஆண்டுகளுக்குக் காத்திருக்கவில்லை. அது இப்போதே, கான்கிரீட்டாகவும் கம்பியாகவும், குடிமக்களின் கஜானாவிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

இதைவிடச் சங்கடமான ஒப்பீடு ஒன்று உண்டு. 2019இல் செய்த முதல் ஒப்பந்தத்தில் மொத்தச் செலவு 55 கோடி டாலர், நகரத்தின் பங்கு பாதி, அதாவது 27 கோடியே 50 லட்சம். ஊரார் கருத்துச் சொல்ல ஏறக்குறைய ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, அதே ஜூலை மாதத்தில் தீயணைப்புப் படை உள்பட நகரச் சேவைகளில் 6 கோடி டாலரை வெட்டிய கையோடு, அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். செலவு ஏறி ஏறி 63 கோடியைத் தாண்டிய நிலையில், நடைபாதைகளுக்கும் சூரியத் தகடுகளுக்கும் ஆகும் கூடுதல் செலவில் ஏறத்தாழ 1 கோடி டாலரை யார் கொடுப்பது என்ற பூசலில் உரிமையாளர்கள் விலகிக்கொள்ள, 2021 டிசம்பர் கடைசி நாளில் அது உயிர்விட்டது. ஒரு கோடிக்காக ஒப்பந்தம் முறிந்தது. பதினாறு மாதம் கழித்து நகரத்தின் பங்கு ஏறக்குறைய இரு மடங்காகத் திரும்பி வந்தது. சாலைகள், சிறுவர் ஆடும் பனித்தளம் என்று வேலைகள் கூடியிருக்கின்றன என்ற சமாதானம் வரும். கூடியிருக்கட்டும். அரங்கத்தின் பெயரால் அல்லாமல், அவை தமக்கென்று தனியே வந்து பணம் கேட்டிருந்தால் எத்தனை வருஷம் வாசலில் நிற்க வைத்திருப்பார்கள் என்பதை ஊரார் அறிவார்கள்.

மன்றத்தாரின் சென்ற காலத்தைக் கிளறுவது நாகரிகமா என்று சிலர் கேட்கலாம். பெயர்கள் மாறியிருக்கலாம், நாற்காலிகள் மாறவில்லை, பழக்கம் மாறவில்லை. விமான நிலையத்துப் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் 4 லட்சத்து 70 ஆயிரம் டாலர் செலவில் ஒரு நீல வளையத்தை நட்டு அதன் உச்சியில் தெருவிளக்கு மாட்டிய ரசிகத்தன்மையை மன்னித்துவிடுவோம். கலை விஷயத்தில் அபிப்பிராய பேதம் சகஜம். பச்சைத் தடம் என்று நாமகரணம் செய்த ரயில் பாதையை மன்னிப்பது எப்படி? 46 கிலோமீட்டர் என்று வாக்களித்தார்கள், 450 கோடி டாலர் சுமாருக்கு. 2024 ஜூலையில் அது 10 கிலோமீட்டராகச் சுருங்கி, செலவு மட்டும் 620 கோடியாக வளர்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்குள் மாகாணம் பணத்தை நிறுத்த, வேலையை மூட்டை கட்டுவதற்கும் அதே மன்றம் கை தூக்கியது. பிறகு வரைபடத்தை மாற்றி ஒரு பகுதியை மட்டும் உயிர்ப்பித்தார்கள். அந்தப் பாதையில் வரப்போகும் ஒரு நிலையத்துக்காக, 1993இல் திறந்த ஓ கிளேர் சந்தைக் கட்டிடத்தைக் காலி செய்யவைத்து இடித்துத் தள்ளினார்களே, மாற்றிய வரைபடத்தில் அந்த நிலையத்தையே காணோம். கட்டுவது இவர்களுக்குக் கைகூடுவதில்லை. இடிப்பது மட்டும் குறித்த தேதியில் நடந்துவிடுகிறது.

பராமரிப்பைப் பற்றிய இவர்களுடைய சிரத்தைக்கோ வேறு சாட்சியம் வேண்டாம். நகரத்தின் சுத்திகரித்த தண்ணீரில் 60 சதவீதம் வரை சுமந்து செல்லக்கூடியதும், 1975இல் நிலத்தில் பதித்ததுமான பெருங்குழாய் 2024 ஜூன் 5ஆம் தேதி வெடித்துச் சிதறியது. ஆளுக்குச் சில நிமிஷத்துக்கு மேல் குளிக்காதீர்கள், புல்லுக்குத் தண்ணீர் விடாதீர்கள், துணி துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள் என்று பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு வாரக்கணக்கில் உபதேசம் நடந்தது. அந்தத் துயரத்தின் ஈரம் காய்வதற்குள், ஜூலை 22ஆம் தேதி, பளபளக்கும் மண்வெட்டிகளுடன் வரிசையாக நின்று புதிய அரங்கத்துக்கு மண் வெட்டினார்கள். பழைய குழாயைப் பார்த்துக்கொள்ளாமல் விட்டவர்கள் பழைய அரங்கத்தைப் பார்த்துக்கொள்வது வீண் செலவு என்று பேசும்போது, அதைப் பொருளாதார ஞானமாக ஏற்றுக்கொள்ள நாம் தயாரில்லை. பேணுவதில் புகழ் இல்லை, புகைப்படம் இல்லை, நாடா வெட்டுவதற்கு இடமில்லை. ஆகையால் பேணுவதில்லை, அவ்வளவுதான்.

புதிய அரங்கம் பாதி வழிக்கு மேல் வந்துவிட்டது. அதை நிறுத்து என்று சொல்வது இனி காரியத்துக்கு உதவாது. பழையதையாவது விட்டுவைக்க வழியுண்டா என்பதே எஞ்சிய பிரச்சினை. டொரொண்டோவில் 1931இல் எழுந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கத்தில் இன்று கீழே மளிகைக் கடை நடக்கிறது, மேலே பல்கலைக்கழக மாணவர்கள் ஹாக்கி ஆடுகிறார்கள். அவ்விதமோ வேறு விதமோ, பொறியியல் அறிந்தவர்களும் நகரத்தின் நன்மையில் பற்றுள்ளவர்களும் கூடி உட்கார்ந்து, திறந்த மனத்துடன் யோசித்தால் சாடில்டோமுக்கும் ஒரு கௌரவமான உபயோகம் புலப்படாமல் போகாது. அந்த யோசனைக்கு முன்னதாக மன்றத்தார் ஒரு கணக்கை ஜனங்கள் முன் வைக்க வேண்டும். சாடில்டோமைச் செப்பனிட்டு, கூரையைப் பலப்படுத்தி, நடைகூடங்களை விரித்துத் தொடர்ந்து நடத்தினால் எத்தனை டாலர் ஆகியிருக்கும் என்பதை, 122 கோடிக்குப் பக்கத்தில் எழுதி, கறுப்பு மை பூசாமல் வெளியிடட்டும். அப்படி ஒரு கணக்கை முழுமையாகப் போட்டதே இல்லை என்றால், அதையாவது வாய்திறந்து சொல்லட்டும்.