எட்டால் வகுக்கத் தெரியாதவன் ஏமாளியா?

போன மாதம் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கினேன். "100 எம்பி ஸ்பீடு, சார்" என்று சொல்லித்தான் அந்தத் தம்பி பணம் வாங்கிப் போனார். அன்று இரவு மகன் அனுப்பிய பேத்தியின் பிறந்தநாள் வீடியோவை கம்ப்யூட்டரில் இறக்கினேன். 1 ஜிபி, அதாவது ஏறக்குறைய 1,000 எம்பி. 10 நொடியில் வந்திருக்க வேண்டும் அல்லவா? ஒன்றரை நிமிடம் ஆயிற்று. திரையில் வேகம் 11 எம்பி என்று காட்டியது.

மறுநாள் அவர்கள் கடைக்கே போய்க் கேட்டேன். "ஐயா, நீங்க சொல்ற எம்பி வேற, நாங்க சொல்ற எம்பி வேற" என்று சிரித்தார் அந்தத் தம்பி. அரசு அலுவலகத்தில் ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதியவன் நான். ஒரே பெயரில் இரண்டு அளவு வைத்து ஒரு பதிவேடு எழுதியிருந்தால், தணிக்கைக்காரர்கள் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

விஷயம் இதுதான். கம்பியில் ஓடுவதை பிட் கணக்கிலும், சேமித்து வைப்பதை பைட் கணக்கிலும் சொல்கிறார்கள். 8 பிட் ஒரு பைட். நம் காலத்து அளவில் சொன்னால் 8 படி ஒரு மரக்கால் மாதிரி. ஆங்கிலத்தில் சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். வாயால் சொல்லும்போது சின்னது ஏது, பெரியது ஏது? ஆக, 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட். வழியில் ஆகும் சேதாரம் போக எனக்கு 11 வந்தது நியாயமான அளவுதான். குறை இணைப்பில் இல்லை, பேச்சில்தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, பிழைப்புக்காக இந்தக் கரிசல் பூமிக்கு வந்தவன். பிரெஞ்சுக்காரர்கள் பைட்டை 'ஒக்தே' என்பார்கள். பெயருக்குள்ளேயே எட்டு உட்கார்ந்திருக்கிறது. சுருக்கி எழுதினாலும் 'ஓ' என்ற எழுத்துதான் வரும். பிட்டோடு குழம்ப வழியே இல்லை.

"உலகம் முழுக்க வேகத்தை பிட்டில்தான் சொல்கிறார்கள்" என்பார்கள். உண்மைதான். மோடம் காலத்திலேயே 56 கிலோபிட் என்றுதான் சொன்னார்கள். நம் அரசாங்கமும் பிராட்பேண்டுக்குக் குறைந்தபட்ச வேகம் 2004-ல் 256 கிலோபிட், பிறகு 512, 2023-ல் 2 மெகாபிட் என்று பிட்டில்தான் வரையறுத்தது. பிட்டோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரே திட்டத்தில் வேகத்தை பிட்டிலும், தினசரி டேட்டாவை பைட்டிலும் சொல்லிவிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விடுகிறீர்களே, அதோடுதான் சண்டை. மரக்காலுக்கு விலை பேசி, படியில் கம்பு அளந்து போட்டால் நம் சந்தையில் சும்மா விடுவார்களா?

செல்போன் டேட்டா தீர்ந்தபின் "64 கேபிபிஎஸ் வேகம் தொடரும்" என்று ஆறுதல் சொல்கிறார்களே, அதையும் எட்டால் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 8 கிலோபைட். 4 எம்பி போட்டோ ஒன்று வந்து சேர 500 நொடி, எட்டு நிமிடத்துக்கு மேல். இதற்குப் பெயர் தொடர்வதா?

இது வெறும் சொல் சண்டை இல்லை. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், 40 எம்பி இணைப்பில் 5 தான் வருகிறது என்று நொந்துபோய் 100-க்கு மாறிவிட்டார். மாதா மாதம் பென்ஷனில் கூடுதல் பணம் போகிறது. 40-ஐ எட்டால் வகுத்தால் 5. அவருக்கு வந்துகொண்டிருந்தது முழு வேகம்! அதைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

1957-ல் நயா பைசா வந்தபோது அணாவுக்கு எத்தனை பைசா என்று மாற்றுப் பட்டியல் கொடுத்தார்கள். இன்றும் உப்புப் பொட்டலத்தில்கூட நிகர எடை அச்சிட்டாக வேண்டும். அதேபோல இணைப்பு விற்பவரும் ரசீதில் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: "100 மெகாபிட், அதாவது நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்." இதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை என் வயதுக்காரர்களே, யாராவது "இத்தனை எம்பி" என்றால், "பிட்டா, பைட்டா?" என்று கேளுங்கள். பிட் என்றால் எட்டால் வகுத்துவிட்டு, அப்புறம் பர்ஸைத் திறங்கள்.