நம் எழுத்துக்கு நாமே வாசல்

இந்திய மொழிகளை ஆராயும் நம்மில் பலர் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறோம். களப்பணிக் குறிப்பும் சொற்பட்டியலும் எழுதி ஏற்றுகிறோம். பின்னர் அவற்றின் இணைப்பை முகநூலில் இட்டு, அது யார் கண்ணில் படவேண்டும் என்பதை அந்நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம்.

இதற்கு மாற்று 1999 முதலே உண்டு: ஆர்எஸ்எஸ். (இவ்வெழுத்துகள் இந்நாட்டில் வேறொன்றை நினைவூட்டுவதால் செய்தியோடை என்றே சொல்கிறேன்.) தளத்தில் புதிதாக வந்தவற்றின் தலைப்பு, சுருக்கம், இணைப்பு ஆகியவற்றைத் தாங்கிய சிறு கோப்பு அது. இருபது ஆய்வாளர்கள் தம் ஓடை முகவரிகளைப் பொதுப்பட்டியலாக்கி, ஒவ்வொருவரும் தம் தளத்தின் ஓரத்தில் மற்றவர்களின் புதிய தலைப்புகளைக் காட்டினால் போதும். முண்டாரி பற்றிப் படிக்க வந்தவர் தோடர் மொழிக் குறிப்புக்கும் செல்வார்.

தமிழுக்கு இது புதிதன்று. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், அறிமுகமற்ற வலைப்பதிவர்களுக்கும் வாசகர்களைத் தேடித்தந்தது. ஆயினும் ஒரே திரட்டியை நம்பியிருப்பதில் இடர் உண்டு. 2013 ஜூலையில் கூகுள் தன் ரீடரை மூடியபோது, அதன்வழியே ஓடைகளைப் படித்துவந்தவர்கள் வேறு இடம் தேட நேர்ந்தது. ஆகவே பட்டியலின் படி உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும்; ஒருவர் விலகினாலும் பிணையம் அறாது.

தலைப்புகளைக் கால வரிசையில் மட்டுமே அடுக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். வாக்கு, தரவரிசை என்று புகுந்தால், நூறு பேர் பேசும் மொழியைப் பற்றிய குறிப்பு என்றும் அடியிலேயே கிடக்கும். முழுக் கட்டுரையையும் எடுத்து வெளியிடலாகாது. வாசகர் எழுதியவரின் தளத்துக்கே செல்லவேண்டும். செத்த ஓடைகளை நீக்கும் சலிப்பூட்டும் வேலையை மாதம் ஒருவராக முறைவைத்துச் செய்யலாம்.