ஏடும் அறையும்

எழுதுவது எளிது, எழுதியதை இழவாமல் காப்பதே அரிது. இவ்வுண்மையை நம் கல்முனைக் கரையோர மக்களுக்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ? 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, உயிர்களோடு வீடுகளையும் காணி உறுதிகளையும் கணக்கேடுகளையும் வாரிச் சென்றதன்றோ!

மருதமுனையில் கைத்தறி நெசவு நடத்தும் என் தமக்கையின் வீட்டிலும் அன்று ஓர் ஏடும் மிஞ்சவில்லை. அவள் மகன் அண்மையில் 'சி' மொழி பயின்றான். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் ஆக்கிய கணனி மொழி அது. தறிக்கணக்கைக் கோப்புகளில் எழுதிவைக்கும் செய்நிரல் ஒன்றை அவன் இயற்றினான். ஆண்டுக்கு ஓர் அடைவு, அதனுள் மாதத்துக்கு ஓர் அடைவு, அதனுள் கோப்பு.

முதல் நாளே தடை நேர்ந்தது. "மாமா, அடைவு உண்டாகுதில்லையே!" என்றான். அடைவை அமைப்பது 'எம்கேடிர்' என்னும் ஏவல். அது ஒரு தடவைக்கு ஓர் அடைவையே அமைக்கும். ஆண்டின் அடைவு இல்லாதபோது மாதத்தின் அடைவைக் கேட்டால் மறுத்துவிடும். வீடு எழும்பாமல் அறை எங்கிருந்து வரும்? வெளியடைவை முதலிலும் உள்ளடைவைப் பின்னரும் அமைத்ததும் வேலை நடந்தது.

மறுநாள் நேர்ந்ததோ இழப்பு. முதல் நாட் கணக்கு முழுவதும் மறைந்துபோயிற்று! கோப்பைத் திறக்கும் 'எஃப்ஓபன்' ஏவலுக்கு அவன் 'டபிள்யூ' என்னும் எழுத்தைக் கொடுத்திருந்தான். அது பழையதைத் துடைத்துவிட்டே புதியதை எழுதும். 'ஏ' என்று கொடுத்திருப்பின் பழையதன் இறுதியிற் சேர்த்திருக்கும். ஓரெழுத்துப் பிழை ஒரு நாள் உழைப்பை விழுங்கிற்று.

மூன்றாவது இடர் மின்வெட்டு. எழுதும் சொற்கள் உடனே வட்டிற் பதிவதில்லை; சிறிது நேரம் நினைவகத்திற் காத்திருக்கும். அதற்குள் மின்சாரம் நின்றால் அவையும் போயின. ஆகவே, எழுதியதை 'எஃப்ஃபிளஷ்' ஏவலால் வெளித்தள்ளி, 'எஃப்சிங்க்' ஏவலால் வட்டிற் பதியச் செய்து, 'எஃப்குளோஸ்' ஏவலால் கோப்பை மூடவேண்டும். ஒவ்வோர் ஏவலும் நிறைவேறிற்றா என்று அதன் விடையைப் பார்ப்பதும் கடமை.

யாவும் திருந்தியபின் பெருமிதத்தோடு தாயிடம் காட்டினான். அவள் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "இந்தக் கணனியும் கடற்கரையிலதானே இருக்கு, மகன்?" என்றாள்.

அன்று மாலையே கோப்புகளின் படியொன்று சம்மாந்துறையிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றது. செய்நிரல் நூல்களைப் பயிலாத ஒருத்தியே அந்தச் செய்நிரலின் இறுதி வரியை எழுதினாள்.