கடலில் கோடு கிழிப்பவர் யார்?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

“சமயம் தலையிட்ட இடத்திலெல்லாம் சண்டைதானே மூண்டிருக்கிறது? உலக விவகாரங்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். சமயம் கோயிலோடு நின்றுகொள்ளட்டும்!” எங்கள் வகுப்புப் பட்டிமன்றத்தில் எதிரணித் தோழி இப்படி முழங்கியபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கோ பதில் சொல்ல நா எழவில்லை. அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறேன்.

தோழியின் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 1493-ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் அலெக்சாந்தர் அட்லாண்டிக் கடலின் நடுவே ஒரு கோட்டை வகுத்து, அதற்கு மேற்கே புதிதாகக் காணப்படும் நாடுகள் ஸ்பெயினுக்கு உரியவை என்று ஆணையிட்டார். மறு ஆண்டு ஸ்பெயினும் போர்ச்சுகலும் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கை செய்து, அக்கோட்டை இன்னும் மேற்கே நகர்த்தித் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. அந்நாடுகளில் வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம் இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் என்றொரு ஜலசந்தி இருக்கிறது. அறிஞர் டார்வின் பயணம் செய்த கப்பலின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதன் கிழக்கு வாயிலில் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்று மூன்று சிறு தீவுகள். இவை தமக்கே சொந்தம் என்று அர்ஜென்டினாவும் சிலியும் நெடுங்காலம் வழக்காடின. குளிர் காற்று வீசும் இத்தீவுகளுக்காக ஏன் இத்தனை போட்டி? தீவு யாருக்கோ, அதைச் சுற்றியுள்ள கடலும் அவருக்கே என்பதுதான் காரணம். அவ்விரு நாடுகளும் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உரிமை கொண்டாடின. தீவு சிறிது, அதனோடு வரும் கடலோ பெரிது.

முதலில் அவர்கள் சட்டத்தையே நாடினர். 1971-இல் வழக்கை நடுவர் தீர்ப்புக்கு விட இசைந்தனர். அனைத்துலக நீதிமன்றத்தைச் சேர்ந்த ஐந்து நீதிபதிகள் ஆராய்ந்தனர். 1977-இல் மூன்று தீவுகளும் சிலிக்கே உரியவை என்று தீர்ப்பு வந்தது. 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அத்தீர்ப்பை ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டது. நீதிபதிகள் தீர்ப்புத்தான் எழுதலாம்; அதை நிறைவேற்ற அவர்களிடம் படையா இருக்கிறது?

அவ்வாண்டு டிசம்பரில் இரு நாட்டுப் படைகளும் எல்லையில் திரண்டன. இரண்டிலும் அப்போது இராணுவ ஆட்சி. இரு நாட்டிலும் பேசும் மொழி ஸ்பானியம். மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவ்விரு நாடுகளின் எல்லையில், ஆந்திஸ் மலையுச்சியில், 1904-இல் சமாதானத்தின் சின்னமாக நிறுவிய மீட்பர் கிறிஸ்துவின் சிலையும் நின்றுகொண்டுதான் இருந்தது! ஒரே செபமாலையை உருட்டிய கைகள் ஒன்றையொன்று சுடத் துப்பாக்கி ஏந்தின. ஆகவே, ஒரே சமயத்தவர் என்பதாலேயே சமாதானம் வந்துவிடும் என்று நான் வாதாடவில்லை.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பொறுப்பேற்று அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டொரு நாள் முன்பு, தம் தூதரை அனுப்புவதாக அவர் இரு அரசுகளுக்கும் தெரிவித்தார். கர்தினால் அந்தோனியோ சமோரே டிசம்பர் 26 அன்று போனஸ் அயர்ஸ் வந்து இறங்கினார். அவருக்கு அப்போது வயது 73. அங்கிருந்து சிலியின் தலைநகர் சாந்தியாகோவுக்கும், மீண்டும் இங்கும் அங்குமாக அலைந்து இரு தரப்பாரின் குறைகளையும் கேட்டார். 1979 ஜனவரி 8 அன்று மொந்தெவிதேயோ நகரில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. படைபலத்தை நாடமாட்டோம் என்று உறுதி கூறி, திருத்தந்தையின் சமரச முயற்சிக்கும் இசைந்தன.

எல்லாம் ஒரே நாளில் கனிந்துவிடவில்லை. 1980-இல் திருத்தந்தை அளித்த திட்டத்தைச் சிலி ஏற்றது; அர்ஜென்டினா ஏற்கவில்லை. 1983 பிப்ரவரியில் கர்தினால் சமோரே தம் உழைப்பின் பலனைக் காணாமலே கண்மூடினார். அவ்வாண்டின் இறுதியில் அர்ஜென்டினாவில் மக்களாட்சி திரும்பியது. 1984 நவம்பரில் புதிய அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. வாக்களித்தோரில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் சமாதானத்தையே விரும்பினர். நவம்பர் 29 அன்று வத்திக்கானில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தீவுகள் சிலிக்கு, அட்லாண்டிக் பக்கத்துக் கடலில் பெரும்பகுதி அர்ஜென்டினாவுக்கு. இனிப் பிணக்கு வந்தால் தீர்த்துக்கொள்ளும் முறையையும் அதிலேயே எழுதி வைத்தனர்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1493-இல் சமயம் அரசர்களின் கையில் ஒரு பட்டாவைக் கொடுத்தது. 1978-இல் அதனிடம் படையும் இல்லை, ஆணையும் இல்லை. இரு பக்கத்தாரும் நம்பிப் பேசக்கூடிய ஒரு முதியவரைத்தான் அது அனுப்பியது. சட்டத்தின் இடத்தை அவர் பிடித்துக்கொள்ளவும் இல்லை. முடிவில் எழுதப்பட்டதும் சட்டந்தான். ஆனால் அதை இரு பக்கமும் மனமொப்பி எழுதின. கோபம் ஆறும் வரை மக்களைப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்த்தி வைப்பதே சமயத்தின் வேலை என்பது என் எண்ணம். நாடு பிடிக்க அது துணை போகும்போது, என் தோழி சொன்னது முற்றிலும் சரி.

மலைப்பொழிவில் ஆண்டவர் யார் யாரைப் பேறுபெற்றோர் என்றார் என்பதை நாம் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறோம். மனப்பாடம் செய்வது எளிது. விழா நாளில் பயணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுவது கடினம். ஆந்திஸ் மலையில் இரு நாடுகளையும் இணைக்கும் ஒரு கணவாய்க்கு இன்று கர்தினால் சமோரேயின் பெயர் வழங்குகிறது. எல்லையில் சுவர் எழுப்பியவருக்கு அல்ல, வழி திறந்தவருக்கே அந்தப் பெருமை கிடைத்திருக்கிறது. அன்புத் தோழியே, உன் கேள்விக்கு இதுவே என் பதில்.