ரோடு கேக்காதீங்க, ரயில் கேளுங்க

துறைமுக நகரத்துல லாரி நெரிசலா? ரோட்டை அகலமாக்கு, மேம்பாலம் கட்டு. பட்டணத்துல கேக்கறது இவ்வளவுதானுங்க. ஊருக்கு வெளிய அந்த ரோடு வரும்போது யாரோட தோப்பு போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

வேற வழி இருக்குது. கடல் இல்லாத ஊர்லயே துறைமுக வேலைய முடிக்கறது. கோவைக்குப் பக்கத்துல இருகூர்ல, மத்திய அரசோட கான்கார் நிறுவனத்துக்குக் கன்டெய்னர் டெப்போ இருக்குது. சுங்கச் சோதனை, சீல் எல்லாம் உள்ளூர்லயே முடிஞ்சுட்டா, பெட்டி ரயில் ஏறி நேராத் துறைமுகத்துக்குள்ள போய் எறங்கலாம். ஒரு கன்டெய்னர் ரயில்ல 45 வேகன். 20 அடிப் பெட்டி 90 ஏறும். லாரிக்கு ஒண்ணுன்னு வெச்சா, 90 லாரி ரோட்டுல இருந்து கொறையுது.

பொள்ளாச்சியப் பாருங்க. தென்னைநார்க் கழிவக் கட்டியா அமுக்கிக் கப்பல் ஏத்தறாங்க. பொள்ளாச்சி – பழனி – திண்டுக்கல் அகலப்பாதை 2015ல வந்துருச்சு, போத்தனூர் – பொள்ளாச்சி 2017ல. அங்கிருந்து மதுரை வழியாத் தூத்துக்குடி வரைக்கும் தண்டவாளம் கெடக்குது.

அப்புறம் ஏன் லாரி? “ரயில்னா பெட்டிய ரெண்டு தடவ ஏத்தி எறக்கோணும், வண்டி நெறையற வரைக்கும் காத்திருக்கோணும். கப்பல் நமக்காக நிக்குமா?” ஏற்றுமதி பண்றவங்க கேக்கறது நியாயந்தான். ஆனா ஆள் நெறைஞ்சாத்தான் கெளம்பும்னு சொன்னா டவுன் பஸ்ல எவனாச்சும் ஏறுவானா? நேரத்துக்கு வரும்னு தெரிஞ்சாத்தான கூட்டம் சேரும்? வாரத்துல இன்ன நாள், இன்ன நேரம்னு அரசு ரயில் விடட்டும். மொதல்ல பாதி காலியாப் போனாலும் போகட்டும். மேம்பாலம் கட்ட மட்டும் லாபக் கணக்கா பாக்கறாங்க?

சென்னைக்காக மப்பேட்டுல 184 ஏக்கர்ல சரக்குப் பூங்கா வருது. 2022ல பிரதமர் அடிக்கல் நாட்டினாரு. நல்லதுங்க. ஆனா தண்டவாளம் பேருக்குக் கெடந்து, பெட்டி பூராவும் லாரியிலயே வந்து போனா அது துறைமுகமில்ல, வெறும் குடோன். பட்டணத்து நெரிசலக் கிராமத்து வாசல்ல கொண்டாந்து கொட்டுனதுதான் மிச்சம்.

நெலம் எடுக்க வர்ற அதிகாரிகிட்ட நாங்க கேக்கற மொதக் கேள்வி இதுதான்: ரயில் எந்தக் கெழமை வரும்? லாரி வரிசைக்குப் பின்னால மாட்டிக்கற நீங்களும் அதையே கேட்டாத்தான் பதில் வரும்.