தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குன்னு தெரியணும்

இன்னும் பத்து நாளில் ஜூன் 12. மேட்டூர் திறப்பாங்களா, அணையில் எத்தனை அடி நிக்குது என்பதுதான் எங்க ஊர் டீக்கடையில் இப்போ பேச்சு. கடைமடைக்காரனுக்குக் காத்திருக்கிறது புதுசு இல்லை. திறந்த தண்ணி முக்கொம்பு தாண்டி, கல்லணைக்கு வந்து பிரிஞ்சு, எங்க வாய்க்காலை எட்ட நாளாகும். ஆனாலும் பொறுமையா இருப்போம். ஏன்னா தண்ணி எங்க வருதுன்னு தெரியும். எத்தனை கனஅடி திறந்தாங்கன்னு பேப்பரில் போடுவான். லஸ்கரைக் கேட்டால், "ரெகுலேட்டர் தாண்டிருச்சுண்ணே, நாளன்னைக்கு வந்துரும்" என்பார். அதை நம்பி நாத்தங்காலை உழுது போடுவோம்.

இந்த வருஷம் அக்காவுக்காக 47 நாள் காத்துக்கிடந்தோம். அங்கே கேட்டுச் சொல்ல ஒரு லஸ்கர் இல்லை.

அக்காவிடம் கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். "எழுதுடா, நாலு பொம்பளைங்களுக்கு உபயோகப்படட்டும்" என்று சொல்லிவிட்டது.

சம்பா அறுப்பு முடிஞ்சு வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்த சமயம். அக்காவுக்கு மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆச்சு. திடீர்னு உதிரப்போக்கு. அதுக்கு முன்னாடியே ஆறு மாசமா வெள்ளைப்பட்டிருக்கு. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. ஆபரேஷன் கட்டத்தைத் தாண்டிவிட்டது, கதிர்வீச்சும் கூடவே வாரம் ஒரு மருந்து ஊசியும்தான் வழி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நாங்க நினைச்சது, ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மறுநாளே வைத்தியம் ஆரம்பிச்சிடும் என்று. ஆரம்பிக்க 47 நாள் ஆச்சு. அந்த நாளெல்லாம் எங்கே போச்சுன்னு பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதல் தடவை போனபோது, "சதை எடுத்த ஸ்லைடும் மெழுகுக் கட்டையும் எங்கே? எங்க லேப்பில் ஒரு தடவை பார்க்கணும்" என்றார்கள். நாங்க பேப்பரை மட்டும் எடுத்துப் போயிருந்தோம். அதை வாங்கிவந்து கொடுக்க 6 நாள். அடுத்து காப்பீட்டுத் திட்டம். அக்கா பேர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. வருமானச் சான்றும் கையில் இல்லை. வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், இ-சேவை என்று அலைந்ததில் 11 நாள். அதை முடிச்சுக்கிட்டுப் போனால், "ரத்தம் 7தான் இருக்கு. 10 ஆவது வேணும், ஏத்திக்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அது 9 நாள். மீதி 21 நாள்தான் மிஷினுக்காகக் காத்திருந்தது.

அந்த 21 நாளை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு ஆளைப் படுக்கவைத்து, இடம் சரிபார்த்து, கதிர் கொடுத்து இறக்க பத்துப் பதினைந்து நிமிஷமாவது ஆகுது. ஒவ்வொருத்தரும் வாரத்தில் அஞ்சு நாள், அஞ்சு வாரம் வரணும். முன்னாடி இருக்கிறவர் முடிச்சாத்தான் அடுத்தவருக்கு இடம். முறைப்பாசனம் மாதிரிதான். மேல்மடைக்காரன் வயல் நனையாமல் நமக்குத் திருப்பிவிடச் சொல்ல முடியுமா? மிஷினும் ஆளும் கூடணும், அது அரசாங்கம் செய்யவேண்டிய பெரிய வேலை. வருஷக்கணக்கில் ஆகும்.

ஆனா மத்த 26 நாள்? ஸ்லைடு, கார்டு, ரத்தம் மூணையும் முதல் நாளே ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால், மூணு வேலையையும் ஒரே சமயத்தில் பார்த்திருப்போம். அத்தான் தாலுகா ஆபீஸ் போயிருப்பார், நான் ஸ்லைடுக்குப் போயிருப்பேன், அக்கா இங்கேயே ரத்தம் ஏத்தியிருக்கும். பதினோரு நாளில் எல்லாம் முடிஞ்சிருக்கும். பதினைந்து நாள் மிச்சம். இதுக்கு மிஷின் வாங்க வேண்டியதில்லை. ஒரு தாள் போதும்.

பதினைந்து நாள்தானே என்று விடக்கூடிய விஷயமில்லை இது. 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வு, ஆபரேஷன் நாலு வாரம் தள்ளிப்போனாலே சாவு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுது என்கிறது. கதிர்வீச்சிலும் மருந்திலும் சில வகைக்கு அதைவிட அதிகம்.

இன்னொரு ஆபத்தும் இந்த இடைவெளியில்தான் வருது. பக்கத்து ஊரில் ஒருத்தர் பொடி கொடுக்கிறார் என்று சொந்தக்காரர் ஒருத்தர் வந்து சொன்னார். ஒரு மண்டலம் சாப்பிட்டால் கட்டி கரைஞ்சிடுமாம். அக்கா கிளம்பிவிட்டது. எனக்குக் கோபம் வந்து கத்தினேன். அதுக்கு அக்கா சொன்னது: "அவராவது 48 நாள்னு ஒரு கணக்கு சொல்றாரு. உங்க ஆஸ்பத்திரியில யாரு என்ன சொன்னா? போ, போன் பண்ணுவோம்னுதானே சொன்னா?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. படிக்காத சனம் ஏன் பொடிக்காரனிடம் போகுது என்று ரொம்ப நாளா திட்டியிருக்கேன். அவன் நாள் சொல்றான், அதனால போகுது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கதிர்வீச்சுப் பிரிவில் இருந்த நர்ஸம்மாவிடம், "அம்மா, எங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். நோட்டைப் புரட்டி, "பதினெட்டு பேரு. மூணு வாரம் ஆகும். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை போன் பண்ணிக் கேளுங்க" என்று ஒரு நம்பர் கொடுத்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா அன்னைக்கு ராத்திரிதான் ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்கியது. அதுக்கப்புறம் பொடிப் பேச்சே எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆனா, "எத்தனை பேருடா இருக்காங்க?" என்று கேட்கும். பன்னிரண்டு, ஏழு என்று குறைஞ்சுகிட்டு வந்தது.

இதைத்தான் நான் கேக்குறேன். ஊரில் ரேஷன் கடையில் சக்கரை வாங்கினால் போனுக்கு மெசேஜ் வருது. புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்த நாளிலேயே ஒரு வரிசை எண், வாரம் ஒரு மெசேஜ், கேட்க ஒரு ஆள், செய்யவேண்டியதைச் சொல்லும் ஒரு தாள். இவ்வளவுதான். அது வரும்வரை நாமதான் வாய்விட்டுக் கேட்கணும். "எப்போ கூப்பிடுவீங்க?" என்று கேட்டால் "சொல்றோம்" என்பார்கள். "எத்தனை பேர் முன்னாடி இருக்காங்க? அதுக்குள்ள நாங்க என்னென்ன தயார் பண்ணணும்?" என்று கேளுங்க. பதில் கிடைக்கும்.

ஊர்க்காரங்க செய்யக்கூடியதும் உண்டு. எங்க தெருப் பையன்கள் மூணு பேர் ரத்தம் கொடுத்தார்கள். பக்கத்து வயல்காரர் அத்தான் வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டார். வந்து உட்கார்ந்து, "எங்க சித்திக்கும் இதேதான், ஆறே மாசம்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவங்க வராமலே இருந்திருக்கலாம். ரயிலில் போறவங்க ஆஸ்பத்திரியில் சலுகைப் படிவம் கேட்டு வாங்குங்க. வைத்தியத்துக்குப் போற புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதி வகுப்பில் கட்டணம் இல்லை, கூடப் போறவருக்கும் 75 சதவீதம் குறையும். எங்களுக்கு இது தெரியவே ஒரு மாசம் ஆச்சு.

வைத்தியம் ஆரம்பிச்சபிறகு ஒரு நாள்கூட விடாதீங்க. எட்டு வாரத்துக்குள் எல்லாம் முடியணும் என்று டாக்டர் கண்டிப்பாச் சொன்னார். நடுவில் குலதெய்வம் கோயில் திருவிழா வந்தது. அக்கா போகவில்லை. "அடுத்த வருஷம் வாரேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்றது.

கடைசியா ஒண்ணு. 30 வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை காசில்லாமல் செய்றாங்க. கொஞ்ச நேர வேலை. அக்கா சொல்லி எங்க தெருவிலிருந்து போன வாரம் ஒன்பது பேர் போய்வந்தார்கள். என் வீட்டுக்காரியும் போனாள்.

அக்காவுக்கு வைகாசி பிறக்கும்போது வைத்தியம் முடிஞ்சது. முழுசாப் போயிடுச்சா என்பது ஆவணியில் பார்த்தால்தான் தெரியும். தேதி போட்டுக் கொடுத்திருக்காங்க, காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். அதுக்குள்ள குறுவைக்குத் தண்ணி வந்துட்டால் நாத்து விடணும்.